ஜெயபால் தெருப்பக்கம் திருப்பிய டிவி

"அக்கா, ஜெயபால் சார் போயிட்டாராம்" என்று திருமானூர் டீலர் போனில் சொன்னபோது நான் கடையில் கம்பி எடை போட்டுக்கொண்டிருந்தேன். "எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். ஜெயபாலைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். எப்போதும் ஏதாவது ஓர் ஊருக்குப் போய்க்கொண்டே இருந்த மனிதர். "செத்துப் போயிட்டாருக்கா" என்றார் டீலர்.

அரியலூர் பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தவர், அப்படியே பக்கத்திலிருந்தவர் மேல் சாய்ந்திருக்கிறார். அசதியில் தூங்குகிறார் என்று நினைத்து அந்த முகம் தெரியாத மனிதரும் தோளைக் கொடுத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பஸ் வந்து எழுப்பியபோதுதான் விஷயம் தெரிந்ததாம். நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எடை போட்ட கம்பியை மறுபடி எடை போட்டேன்.

டீலர் சங்கத்து மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்லவர், வல்லவர், பழகுவதற்கு இனியவர் என்று எழுதி ஒரு விளக்குப் படம் போட்டு முடிக்க எனக்கு வராது. அரியலூர், பெரம்பலூர் பக்கத்தில் நம் சிமெண்டை விற்கிற கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கடைசி வருஷத்தில் அவர் ஏன் அப்படி ஆனார் என்பதும் அரைகுறையாகத் தெரியும். அந்த அரைகுறையை முழுசாக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பூலாம்பாடியில் சிமெண்டும் கம்பியும் விற்பவள். வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் உண்டு. சுவரில் பெயிண்டால் விளம்பரம் எழுதிய காலத்தில், கம்பெனி விளம்பரப் பிரிவிலிருந்து ஜெயபால் முதல்முறை கடைக்கு வந்து சுவரை அளந்துகொண்டு நின்றார். "ஏன் சார், உங்க கம்பெனி பேரு ஆறடி, என் கடைப் பேரு அரையடியா?" என்று கேட்டேன். "அளவு சென்னையில போட்டதுக்கா. பெயிண்டரு நம்மாளு" என்று சிரித்தார். மறுநாள் கடை திறக்க வந்தால் இரண்டு பெயரும் ஒரே உயரத்தில் இருந்தன. அன்றிலிருந்து அவர் எனக்கு ஜெயபால் சார், நான் அவருக்கு அக்கா.

சுனாமி வந்த மறு வருஷம் சென்னையிலிருந்து ஒரு மேனேஜர் வந்து அரியலூரில் நம்மையெல்லாம் கூட்டி வைத்து, இனிமேல் கடைக்குக் கடை டிஜிட்டல் சைனேஜ் என்றார். என் பக்கத்து நாற்காலிக்காரர் என் காதில், "டிவிதானே?" என்றார். டிவிதான். சென்னையில் ஒரு பட்டனை அமுக்கினால் எல்லா டீலர் கடையிலும் ஒரே நேரத்தில் விளம்பரப் படம் மாறுமாம். நம் ஊரில் நம் கடைப் பட்டனை நாமே அமுக்கினாலும் பாதி நேரம் விளக்கு எரிவதில்லை. மேனேஜர் போன பிறகு அந்தத் திட்டத்தை நம் ஊரில் நடக்கிற மாதிரி செய்யும் வேலை ஜெயபால் தலையில் விழுந்தது.

அவர் செய்த ஏற்பாடு உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். கடைக்கு ஒரு டிவி, ஒரு டிவிடி பிளேயர். மாதம் ஒரு புது டிஸ்க். அதை அரியலூரிலும் பெரம்பலூரிலும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். நாம் பஸ் வரும் நேரத்துக்கு ஸ்டாப்பில் போய் நின்று வாங்கிக்கொள்வோம். எந்த பஸ் எந்த ஊருக்கு எப்போது போகும், எந்தக் கண்டக்டர் மறக்காமல் கொடுப்பார், எவர் அடுத்த ஊரில் இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "கம்பெனிக்கு நெட்ஒர்க்குன்னா கம்ப்யூட்டருக்கா. நமக்குத் திருமானூர் பஸ்ஸுதான் நெட்ஒர்க்கு" என்பார். டிஸ்க் ஒருமுறை பூலாம்பாடிக்கு வராமல் துறையூர் வரைக்கும் போய்வந்தது. அதற்காக நான் திட்டிய திட்டை முழுவதும் கேட்டுவிட்டு, "டிஸ்க்கு நம்மளவிட நாலு ஊரு கூடப் பாத்துருச்சு" என்றார்.

முதல் டிஸ்க்கில் வந்த படம் சென்னையில் எடுத்தது. நீச்சல் குளம் வைத்த வீடு, அதில் வெள்ளைக்கார நாய் ஒன்று. அந்தக் குடும்பம் சிரித்துக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்க்கும். என் கடையில் அதைப் பார்த்தவர்கள் நாயைப் பற்றித்தான் விசாரித்தார்கள். ஜெயபால் அதற்குப் பிறகு கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நம் ஊர்களுக்குள் இறங்கினார். புதிதாகக் கட்டிய வீடு, வாசலில் அதன் சொந்தக்காரர், பக்கத்தில் கட்டிய கொத்தனார். இருவரும் ஒன்றிரண்டு வாக்கியம் பேச வேண்டும். கீழே இருவர் பெயரும் ஓடும். ஒரு வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். "வூடு என்னுது. அவன் பேரு எதுக்கு?" "வூடு உங்களுதுதாங்க. கட்டுனது அவரு. ரெண்டையும் போடுறேன்" என்றார் ஜெயபால். குரலை உயர்த்தாமல் பிடிவாதம் பிடிக்கத் தெரிந்தவர்.

இனிதான் டிவியைத் திருப்பிய கதை. முதலில் எல்லாக் கடையிலும் டிவி உள்ளே, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலிக்கு எதிரில் இருந்தது. ஜெயபால் என் கடையில் ஒரு நாள் காலையிலிருந்து உட்கார்ந்து கவனித்தார். வீடு கட்டுபவர் உள்ளே வந்து உட்காருவார், காபி வரும். அவரோடு வந்த கொத்தனார் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்பார். எத்தனை மூட்டை என்று உள்ளேயிருந்து கேட்டால் வெளியேயிருந்து பதில் சொல்வார். என் கடையில் மட்டுமில்லை, எல்லார் கடையிலும் அப்படித்தான். யாரும் வைத்த சட்டமில்லை, பழகிப்போன பழக்கம்.

"யாரு பேரு ஓடுதோ அவரு பாக்க முடியலியேக்கா" என்றார். பிறகு, கேட்காமலே தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டும் கூலியாள். "எங்கப்பா சாவுற வரைக்கும் ஒரு கடைக்குள்ள காலு வெச்சதில்ல. ரோட்டுல நின்னு 'அய்யா'ன்னு குரல் குடுப்பாரு. யாரும் வெரட்டல. உள்ள வான்னு யாரும் கூப்புடவும் இல்ல." அன்றைக்கே என் டிவியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். அந்த மாதத்துக்குள் எல்லாக் கடைகளிலும் அவரே போய்த் திருப்பினார். ரோட்டில் போகிற வருகிறவர் கண்ணில் படுமே என்று சென்னை மேனேஜருக்கும் ரொம்பச் சந்தோஷம்.

கூட்டம் கூடியது. நம் ஆட்களுக்குத் தெருவில் நின்று டிவி பார்ப்பது புதிதில்லை. பஞ்சாயத்து டிவியை அப்படித்தானே பார்த்து வளர்ந்தோம். வேலை முடிந்து கொத்தனார்கள், சித்தாள்கள், கலவை போடுபவர்கள் எல்லோரும் சாந்து காயாத கையோடு வந்து நிற்பார்கள். தன் முகம் வரும் வரைக்கும் காத்திருந்து, வந்ததும் வெட்கப்பட்டுக் குனிந்துகொள்வார்கள். அதைப் பார்க்கும்போது ஜெயபால் முகத்தில் வரும் சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அடுத்ததை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே நம் டீலர் கடை சாலையை ஒட்டியே இருக்கிறது. அன்று அரியலூரில் டீலர் கூட்டம் முடிந்து, என்னைப் பெரம்பலூரில் பஸ் ஏற்றிவிடுவதாகச் சொல்லி ஜெயபால் கம்பெனி ஜீப்பில் கூட்டிக்கொண்டு வந்தார். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்த சாயங்காலம். தூரத்திலேயே வண்டிகள் நின்றுவிட்டன. இறங்கி நடந்தோம்.

சின்னதுரை என்ற இளம் கொத்தனார். அவன் தனியாகப் பொறுப்பெடுத்துக் கட்டிய முதல் வீடு அந்த மாத டிஸ்க்கில் வந்திருக்கிறது. அம்மா அஞ்சலையை, "வாம்மா, நான் டிவில வரேன்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அம்மாவைக் கூட்டத்துக்கு முன்னால் கடையோரம் நிறுத்திவிட்டு, இடமில்லாமல் அவன் பின்னால் தார்ச்சாலை விளிம்பில் முதுகைக் காட்டி நின்றிருக்கிறான். எதிரில் வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிய கல் லாரி அவனைச் சாய்த்துவிட்டது. டிரைவர் இறங்கி ஓடிவிட்டான்.

நாங்கள் போனபோது உடலைச் சாலை நடுவில் கிடத்தி ஊரே மறியலுக்கு உட்கார்ந்திருந்தது. மேலே யாருடைய வேட்டியோ போர்த்தியிருந்தது. கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. மற்ற வீடுகளெல்லாம் வந்து போய், முறை வைத்தாற்போலச் சின்னதுரை வந்தான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, "வூடு நல்லா வந்துருக்குங்க, நீங்களும் வந்து பாருங்க" என்று சொன்னான். ஜெயபால் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார்.

டீலர் தன் மனைவியோடு கடையின் பின்பக்க அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பதுங்கியிருந்தார். வியாபாரத்துக்காக டிவியை ரோட்டுப் பக்கம் வைத்து ஆளைக் கொன்றுவிட்டான் என்று கூட்டம் கொதித்தது. கல் பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் ஜெயபாலின் செல்போன் அடித்தது. மேனேஜர். செய்தி அதற்குள் போய்விட்டிருந்தது. "டீலர் தன்னிஷ்டத்துக்குத் திருப்பி வெச்சிட்டாருன்னு சொல்லிட்டு அங்கேருந்து கெளம்பு" என்றது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. ஜெயபால் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "சார், வேண்டாம். அடிச்சே கொன்னுடுவாங்க." கையை விடுவித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றார்.

"டிவிய ரோட்டப் பாத்துத் திருப்பி வெச்சது நான்தாங்க. கடைக்காரரு இல்ல. அவரு உள்ள வெச்சிருந்தாரு. நான்தான் வந்து திருப்புனேன்."

முதல் அடி யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. சட்டை கிழிந்தது, உதட்டில் ரத்தம் வந்தது. கையைக்கூட உயர்த்தாமல் நின்றார். மகனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அஞ்சலையம்மா எழுந்து வந்தார். கூட்டம் தானாக விலகியது. ஏன் திருப்பினாய் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

"உங்க மவன் கடைக்குள்ள வரமாட்டாருன்னுதாம்மா" என்றார் ஜெயபால்.

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பிப் போய் மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அடித்தவர்களும் அதற்கு மேல் அடிக்கவில்லை. கல்லைக் கீழே போட்டார்கள். டீலர் குடும்பம் உயிரோடு வெளியே வந்தது. போலீஸ் வந்து உடலை எடுத்துப்போனது. நான் வீடு வந்து சேர்ந்து என் கடை டிவியின் வயரைப் பிடுங்கிப் போட்டேன்.

கம்பெனி ஜெயபாலை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. விபத்துக்காக இல்லை, வாயைத் திறந்ததற்காக. ஜீப் போய்விட்டது. அவர் பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு கடையாக வந்தார். டிவியை உள்ளே திருப்பி வைப்பார், தெருவில் நிற்பவர்களுக்கு உள்ளே ஒரு பெஞ்சு போடச் சொல்வார். "உள்ள வெச்சா அவங்க எப்புடிப் பாப்பாங்க?" என்று நான் கேட்டேன். "கூப்புடுங்கக்கா. நான் மொதல்லயே அதத்தான் செஞ்சிருக்கணும். அந்த வழி எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்றார். சில கடைகளில் மூஞ்சியில் அடித்தாற்போலப் பேசினார்கள். கொத்தனாரெல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்தால் வீடு கட்டுகிறவர் எங்கே உட்காருவார் என்று கேட்ட ஒரு டீலர் இதைப் படிப்பார். அவர் கடைக்கு ஜெயபால் திரும்பத் திரும்பப் போனார். கடைசியில் அந்தக் கடையிலும் பெஞ்சு வந்தது. தொல்லை தாங்காமல் போட்டேன் என்று அந்த டீலரே சொன்னார்.

ஆனால் ஜெயபாலை அரித்துத் தின்றது அதெல்லாம் இல்லை. அஞ்சலையம்மாதான். மாதத்துக்கு ஒரு முறையாவது அந்த ஊருக்குப் போவார். அந்த அம்மா வாசலில் சாக்கை விரித்து, கூலிக்குச் சின்ன வெங்காயம் வால் அறுத்துக்கொண்டிருப்பார். ஜெயபால் போய் நிற்பார். அந்த அம்மா தலையைத் தூக்க மாட்டார். வா என்பதும் இல்லை, போ என்பதும் இல்லை. மறியல் அன்று கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவரிடம் ஒரு சொல் பேசவில்லை. ஜெயபால் வெங்காயம் அறுபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார்.

"எதுக்குப் போறீங்க? அந்தம்மா மனசையும் புண்ணாக்கிக்கிட்டு, உங்க மனசையும் புண்ணாக்கிக்கிட்டு" என்று ஒருமுறை சத்தம் போட்டேன். என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். "மன்னிப்புக் கேக்கப் போவலக்கா. எப்புடி மன்னிப்பாங்க? ஒரு தடவ வாயத் தொறந்து திட்டிட்டாங்கன்னா போதும். மண்ண வாரித் தூத்தட்டும். ஒரு வார்த்த பேசிட்டாங்கன்னா நான் தூங்கிருவேன்" என்றார். அவர் மனைவி மல்லிகாவும் அதையேதான் என்னிடம் சொல்லி அழுதார். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாராம், வீட்டில் டிவி போட்டால் வெளியே போய்விடுகிறாராம். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

சாவுக்குப் போயிருந்தேன். தெரு முனையில் நாம் வைத்த கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ். அதில் அவர் படத்தைவிட நம் படங்கள் பெரிதாக இருந்தன. அவர் இருந்திருந்தால் அளவைச் சரி செய்திருப்பார். கம்பெனியிலிருந்து ஒரு மாலைகூட வரவில்லை. ஷாமியானா பந்தலுக்குக் கீழே கண்ணாடி ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். எடுக்கிற நேரம் நெருங்கும்போது ஒரு வயதான பெண் தெருவில் வந்து நின்றார். யாரென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மல்லிகாவின் காதில் சொன்னேன். மல்லிகா எழுந்து போய், அஞ்சலையம்மாவின் கையைப் பிடித்துப் பெட்டியருகே கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்த அம்மா இரண்டு கையாலும் கண்ணாடி மேல் அடித்தார்.

"ஏன்டா பாவி, எம் புள்ள பாட்டுக்குச் சைக்கிள்ல போயி வந்துக்கிட்டிருந்தானேடா, அவனுக்கு எதுக்குடா படம்? யாருடா கேட்டா உன்ன? என்னயும்ல கூட்டியாந்து முன்னால நிறுத்திட்டான், நான் படத்தப் பாத்துக்கிட்டு நின்னேனே, திரும்பிப் பாக்கலியேடா! எத்தினி தடவ வந்து நின்ன, மரம் மாதிரி. வாயத் தொறந்தா எங்க உன்னக் கொன்னுருவேனோன்னு நான் கம்முனு கெடந்தேன். இப்ப நீயும் போயிப் படுத்துக்கிட்டியேடா. எம் புள்ளயக் குடுன்னு இனிமே நான் யாரப் போயிடா கேப்பேன்?"

சொந்தக்காரர்கள் பாய்ந்து வந்தார்கள். சாவு வீட்டில் வந்து என்ன பேச்சு இது, யார் இந்தப் பொம்பளை என்று பிடித்து இழுத்தார்கள். மல்லிகா குறுக்கே கையை நீட்டினார். "யாரும் தொடாதீங்க. பேசட்டும். இதுக்குத்தான் அவரு அத்தன தடவ போயிட்டு வந்தாரு" என்றார். அஞ்சலையம்மா தொண்டை கட்டும் வரைக்கும் திட்டினார். யாரும் தடுக்கவில்லை.

இப்படி எழுதுகிறவர்கள், போனவர் தங்களுக்கு விட்டுப்போனது இன்னதென்று கடைசியில் சொல்வார்கள். ஜெயபால் சார், உங்களுடையதாக என்னிடம் இருப்பது அந்தத் திட்டு. நீங்கள் அவ்வளவு நாள் போய்க் காத்து நின்றது அதற்காகத்தான். அது வந்தபோது உங்களுக்குக் காது கேட்கவில்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டேன், ஒரு சொல் விடாமல்.